ஹினோகித் தொட்டியில் தலையளவு கறுப்பு

நிராசாகி என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. அதை அணைக்கவும் எனக்கு மனசில்லை.

என் பெயர் ஓரியே. ஐம்பத்திரண்டு வயதில் புருஷனை விட்டுப் பிரிந்து வந்தேன். கையில் கிடைத்ததை வைத்துக் கிசோ பள்ளத்தாக்கில் ஒரு பழைய வீடு வாங்கி, ஒரு நாள் இரண்டு நாள் தங்க வருகிறவர்களுக்கு விட்டுப் பிழைக்கிறேன். வீட்டில் சொல்லிக்கொள்ள வேறொன்றும் கிடையாது. ரயில் சத்தம் கேட்கும், படி செங்குத்து, குளிர்காலத்தில் குழாயில் தண்ணீர் உறைந்துவிடும். ஆனால் குளியல் தொட்டி இருக்கிறதே, அதற்காகத்தான் டோக்கியோவிலிருந்து ரயிலேறி வருவார்கள். முந்நூறு வருஷத்து ஹினோகி மரம். எங்கள் ஊர்த் தச்சர் தோக்குஜி ஒரு ஆணி அடிக்காமல் கட்டிக் கொடுத்தது. வெந்நீர் ஊற்றினால் வாசனை மாடிவரைக்கும் ஏறும். ஒவ்வொரு நாளும் விருந்தாளி போனதும் தண்ணீரை வடித்து, துடைத்து, ஜன்னலைத் திறந்து உலர்த்துவேன். ஆறு வருஷம் ஒரு நாள் தவறியதில்லை. ஏனென்றால் ஹினோகியை ஈரமாக விட்டால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். இந்தப் பள்ளத்தாக்கில் பொம்பளையின் லட்சணத்தை அவள் தொட்டியைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

போன மே மாதம் நிராசாகி வந்தார். அறுபத்து மூன்று வயது. கடற்பாசித் தூள் விற்கிறவர். அவருடைய வீடியோக்களை லட்சம் பேர் பார்க்கிறார்கள். "இந்த வயசுல என் தலையில ஒரு நரை காட்டுங்க பாப்போம்" என்று சீப்பால் வகிடெடுத்துக் காட்டுவார். டை என்பதைக் கையால் தொட்டதே இல்லையாம். எல்லாம் அந்தத் தூளின் மகிமையாம். ஆசான் என்ற அர்த்தத்தில் எல்லாரும் அவரைச் சென்செய் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். மூன்று ராத்திரி தங்கினார். தொட்டியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

கிளம்பிப்போன பிறகு ரயிலிலிருந்து ஒரு செய்தி அனுப்பினார். தொட்டியைக் கொஞ்சம் அழுக்காக்கிவிட்டேன், மன்னிக்கவும் என்று. நான் மளிகைக் கடையில் நின்றிருந்தேன். தொட்டியைப் பார்க்கக்கூட இல்லை. உடனே பதில் போட்டேன், அதெல்லாம் ஒன்றுமே இல்லை, தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், நன்றாக ஓய்வெடுத்தீர்களா என்று. காலை மிதித்தவனிடம் உங்கள் செருப்புக்கு வலித்ததா என்று விசாரிக்கிற நாடு இது. வேறெப்படிப் பதில் எழுதுவது? எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். தொட்டியின் விளிம்பில், தலை சாய்க்கிற இடத்தில், சரியாக ஒரு தலையளவுக்குக் கறுப்பு. தேய்த்தேன், எலுமிச்சை போட்டேன், உப்புத்தாள் வைத்து இழைத்தேன். போகவில்லை. வெந்நீர் ஊற்றினால் அந்த இடத்திலிருந்து சாம்பல் நிறத்தில் கசிந்து தண்ணீரில் இறங்கியது. தலையணை உறையிலும் அதே கறுப்பு.

தோக்குஜி வந்து விரலால் தடவி முகர்ந்து பார்த்தார். பூஞ்சையென்றால் பலகை சேருகிற இடுக்கிலும் அடியிலும்தான் முதலில் வருமாம், விளிம்பில் வட்டமாக வராதாம். "இது டைம்மா. அலசி அலசிப் பூசுற ரகம். எம்பொண்டாட்டியும் இதத்தான் பூசுறா. வேர்த்தா வழியும், காலரெல்லாம் கரி" என்றார். மரத்தின் ரேகைக்குள் இறங்கிவிட்டதால் அந்தப் பக்கத்துப் பலகைகளையே மாற்ற வேண்டும், அதற்கு ஈடான மரம் கிடைப்பதே கஷ்டம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சரி, இதற்குத்தானே சேதப் பாதுகாப்பு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு விருந்தாளிகளை அனுப்புகிற வலைத்தளம், பதினான்கு நாளுக்குள் படத்தோடு எழுது, விருந்தாளியைக் கேட்டுவிட்டு ஈடு தருகிறோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறது. மூன்றாம் நாளே எழுதினேன். நிராசாகியைக் கேட்டார்கள். அந்த மனுஷன் கூசாமல் எழுதினார். தான் டை போடுகிறவன் இல்லை, ஊரறியும். அழுக்கு என்று சொன்னது சோப்பு நுரையை. அந்தக் கறுப்பு ஏற்கெனவே இருந்த பூஞ்சை, வீட்டுக்காரி சுத்தம் செய்வதில்லை.

வலைத்தளக்காரர்கள் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தார்கள். ஒன்றுமே இல்லை, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று நீங்களே எழுத்தில் சொல்லிவிட்டீர்கள், ஆகவே கேட்க ஏதுமில்லை என்றார்கள். நல்ல வார்த்தை சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தால் நானும் அழுதுவிட்டு விட்டிருப்பேன். அன்றைக்கே என் வீட்டைப் பற்றி அவர் விமர்சனம் போட்டார். தொட்டி முழுக்கப் பூஞ்சை, மூக்கைப் பிடித்துக்கொண்டு குளித்தேன் என்று. மறுநாள் நாலு பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வாரக் கடைசிக்குள் கோடை முழுக்கக் காலி. கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். இந்தப் பேர் இப்படியே நின்றால் இலையுதிர் காலத்துக்குள் வீட்டை விற்றுவிட்டுத் தங்கை வீட்டுக் கூடத்தில் போய்ப் படுக்க வேண்டியதுதான். எனக்குத் தூக்கம் போயிற்று. படுபாவி, உன் தலையில் ஒரு நாள் விடியும், அதை நான் நின்று பார்ப்பேன் என்று விட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே கிடப்பேன்.

மிச்சமிருந்தது வீட்டுக்கு நான் எடுத்திருந்த இன்சூரன்ஸ். மாட்சுமோட்டோ கிளையிலிருந்து மியோஷி என்ற சர்வேயர் வந்தார், மரியாதைக்கு மியோஷி-சான் என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷன், ஆனால் விதியைத் தாண்டி ஒரு மூச்சு விடமாட்டார். முதலில், வெறும் கறைக்குப் பணம் கிடையாது, தொட்டியில் தண்ணீர் நிற்கிறதல்லவா என்றார். நான் வெந்நீர் ஊற்றிக் காட்டினேன். சாம்பல் நிறம் கசிவதைப் பார்த்துவிட்டு, குளிக்க லாயக்கில்லை, ஆகவே இது சேதம்தான் என்று ஒப்புக்கொண்டார். அடுத்த முடிச்சைப் போட்டார். பூஞ்சையென்றால் பராமரிப்புக் குறை, ஒன்றும் கிடைக்காது. டையென்றால் விபத்து, முழுசாகக் கிடைக்கும்.

ஆய்வுக்கு அனுப்பலாமே என்றேன்.

"டைன்னு வரும். யாரோட டைன்னு வராதே. ஆறு வருஷத்துல எத்தன தலை இதுல சாஞ்சிருக்கும்? அவரு வாயால சொல்லணும், இல்ல நான் என் கண்ணால பாக்கணும்."

அவர் சொல்லிவிட்டுப் போன அந்த வார்த்தையையும் தோக்குஜி சொன்ன வார்த்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அன்றிரவுதான் ஒரு மாதத்துக்கு அப்புறம் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் நிராசாகிக்குக் கடிதம் எழுதினேன். சென்செய் சொன்னதே உண்மை, என் கவனக்குறைவால் தங்கள் பெயருக்குக் களங்கம் வந்துவிட்டது, அதே குளியலறையில், தங்கள் காலடியில், தரையில் நெற்றி பட மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன், தங்கள் ரசிகர்கள் காணும்படி தாங்கள் நேரலையில் ஒளிபரப்பினாலும் எனக்குச் சம்மதம், இன்சூரன்ஸ்காரரையும் சாட்சிக்கு அழைத்திருக்கிறேன் என்று. சாதாரணமாக யார் தப்புச் செய்தார்களோ அவர்கள்தான் பலகாரப் பெட்டியோடு தேடிப்போக வேண்டும். அதனால் போக்குவரத்துச் செலவு என்னுடையது என்றும் சேர்த்தேன். ஒரு கிழவி தன் காலில் விழுவதை லட்சம் பேர் பார்க்கப்போகிறார்கள் என்றதும் அவரால் இருக்க முடியுமா? ரயில் நேரத்தைச் சொல்லி அன்று மாலையே பதில் வந்துவிட்டது.

தோக்குஜிக்குக் கடிதம் பிடிக்கவில்லை. "குனியக் குனியக் குட்டுற ஆளும்மா அவன்" என்றார். குட்டட்டும், நேரமாகட்டும், எனக்கு வேண்டியது அதுதான் என்றேன். புரிந்ததும் கிழவர் இருமி இருமிச் சிரித்தார்.

ஜூலை, மழைக்காலம், காற்றே இல்லாத மத்தியானம். தொட்டியில் நாற்பத்து மூன்று டிகிரி வெந்நீரை வழிய வழிய நிரப்பியிருந்தேன். கொசு வருகிறது என்று ஜன்னலைச் சாத்தியிருந்தேன். நிராசாகி முழுக்கோட்டு, வெள்ளைச் சட்டை, பட்டுக் கழுத்துப்பட்டையோடு வந்தார். செல்போனை முக்காலியில் மாட்டி, தன் முகமும் என் முதுகும் தெரிகிற மாதிரி பார்த்துப் பார்த்து வைத்தார். மியோஷி-சான் கதவோரம் கையில் கேமராவோடு குந்தியிருந்தார்.

நான் மண்டியிட்டு, கைகளை முன்னால் வைத்து, நெற்றியைத் தரையில் பதித்தேன். இப்படி விழுந்துவிட்டால், எதிரில் நிற்பவர் எழுந்திருங்கள் என்று சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது. அவர் சொல்லவில்லை. சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

பிரசங்கம் ஆரம்பித்தது. சுத்தம் என்பது மனசின் கண்ணாடியாம். இந்தக் காலத்தில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு உழைப்பு கிடையாதாம். இந்த அம்மாள் தப்பை உணர்ந்துவிட்டாராம், அதனால் பெருந்தன்மையாக மன்னிக்கப்போகிறாராம். நடுவில் கடற்பாசித் தூளின் விலையும் வந்தது. போன் டிங் டிங்கென்று அடித்துக்கொண்டேயிருந்தது. அது எல்லாம் தனக்குப் பாராட்டென்று நினைத்து இன்னும் நீட்டினார்.

என் முழங்கால் விட்டுப்போயிற்று. புருஷன் வீட்டில் முப்பது வருஷம் குனிந்திருக்கிறேன், ஒரு காசுக்குப் பிரயோஜனமில்லை. இன்றைக்குத்தான் குனிவதில் ஒரு லாபம் இருக்கிறது, பொறு ஓரியே, பொறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபது நிமிஷம் ஆகியிருக்கும்.

என் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி, தரைப்பலகையில் ஒரு சொட்டு விழுந்தது.

கறுப்பு.

அப்புறம் இன்னொன்று. அவர் புறங்கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு பேசிக்கொண்டேயிருந்தார். மூன்றாவது சொட்டு அவருடைய வெள்ளைக் காலுறையில் விழுந்தது. கதவோரத்தில் கேமரா கிளிக்கென்றது. இன்னும் இரண்டு முறை கிளிக்கென்றது. எனக்குள் ஏறிய சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! அதைக் காட்டிக்கொள்ளாமல் மெல்ல எழுந்து, ஒரு வெள்ளைத் துண்டை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"ரொம்ப வேர்த்திருச்சு, சென்செய். தொடச்சிக்கோங்க."

வாங்கி முகம் முழுக்க அழுத்தித் துடைத்தார். துண்டைப் பார்த்தார். பேச்சு பாதியில் நின்றது. நெற்றியிலிருந்து காதுவரை கரிக்கோடு, காலர் நாசம், வகிட்டில் வெள்ளை வெள்ளையாக வேர். போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதை அணைக்கக் கையை நீட்டினார். குறுக்கே நான் நின்றேன். இரக்கம் வருகிறதா என்று மனசுக்குள் தேடிப் பார்த்தேன், சத்தியமாக வரவில்லை.

"எவ்வளவு வேணும்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"உங்க பணம் எனக்கெதுக்கு, அதுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. தொட்டியில இருக்கறது பூஞ்சையா, உங்க தலையில இருக்கறதான்னு அதோ அந்தப் போனப் பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க. சொல்லிட்டு நீங்க பாட்டுக்குக் கிளம்புங்க."

கதவோரத்தில் மியோஷி-சான், கதவுக்கு அந்தப் பக்கம் தோக்குஜி. நிராசாகிக்குப் போக வழியில்லை.

"டை" என்றார். குரலே எழும்பவில்லை.

"கேக்கலியாம், சென்செய்."

"டை. என்னோட டை. நாந்தான்."

மியோஷி-சான் அந்தத் துண்டை வாங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே தேதி எழுதினார். பிறகு படிவத்தை முழங்காலில் விரித்து, சேதத்தின் காரணம் என்ற இடத்தில் நிதானமாக எழுத ஆரம்பித்தார். நிராசாகி செல்போன் முக்காலியை மடக்கத் தெரியாமல் மடக்கிக்கொண்டிருந்தார். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். நாலு சொட்டு. இங்கேயும் அதே மரம்தான். விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

"மியோஷி-சான், தரப்பலகையும் சேத்து எழுதிக்கோங்க" என்றேன்.