செம்பருத்திப் பூச்சியும் கொடிக்கால் பூச்சியும்

இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய். முதலாளி முத்துக்குமரனுக்கு நான் தர வேண்டியதாக அவர் நோட்டில் எழுதியிருந்த தொகை அது. நான் கடன் வாங்கவில்லை. சோழவந்தானில் அவருடைய வெற்றிலைக் கொடிக்காலில் மருந்து அடிக்கும் மொக்கையன் நான். அந்த வருடம் மூன்று முறை அடித்தும் மாவுப்பூச்சி சாகவில்லை. நான் மருந்தை விற்றுவிட்டேன் என்று முடிவு கட்டி, அதன் விலையை என் பேரில் எழுதிவிட்டார்.

"டேங்குல வெறுந்தண்ணிய ஊத்தி பூச்சியக் குளிப்பாட்டுறியாடா மொக்கையா?" என்றார். வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். கூலியில் பிடித்துக்கொள்ளட்டும். திருடன் என்ற பேரோடு வேறு எந்தக் கொடிக்காலில் போய் நிற்பேன்?

ஏழு வருடம் ஆகிறது. இப்போது தோள் டேங்கைத் தாங்காது. ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் கடந்து போகும்போது மட்டும் கால் கொஞ்சம் நின்றுதான் நகர்கிறது.

அப்போது அங்கே ஞாயிறு மதியம் ஷெரின் டீச்சர் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பிள்ளைகளுடைய பெஞ்சுக்குள் என் முழங்கால் நுழையாது, பக்கவாட்டில்தான் உட்காருவேன். சாக்பீஸ் தூள் பட்ட விரலைத் துடைக்காமலே வீட்டுக்குப் போவேன். முதலாளி பழி சொன்ன வாரம் மருந்துப் பாட்டிலைக் கொண்டுபோய், அதில் ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக்கூட்டி வாசித்தேன். பத்து லிட்டருக்கு இருபது மில்லி. நான் நாற்பது ஊற்றிக்கொண்டிருந்தேன். சீக்கிரம் சாகட்டும் என்றுதான். அதை மட்டும் மறைத்துவிட்டு, முதலாளி சொன்ன பழியை டீச்சரிடம் சொன்னேன்.

"பத்தாம் வகுப்புக்குப் பரிணாமம் நடத்தப்போறேன் அண்ணே. புதன்கிழமை பாட்டிலோட வாங்க. உங்க முதலாளி மக கனகா என் கிளாஸ்தான், அவரை அவ கூட்டியாருவா."

புதன்கிழமை மேசையில் இரண்டு கண்ணாடி ஜாடிகள் இருந்தன. ஒன்றில் பள்ளி வாசலில் நின்ற செம்பருத்தியின் கிளை. அதற்கு யாரும் மருந்து அடித்ததே இல்லை. இன்னொன்றில் எங்கள் வெற்றிலைக் கொடி. இரண்டிலும் மாவுப்பூச்சி அப்பியிருந்தது. சீட்டில் உள்ள அளவுப்படி முதலாளியே தன் கையால் மருந்தைக் கலக்கித் தெளித்தார். ஜாடிகளின் வாயைத் துணியால் கட்டி வைத்தோம்.

மறுநாள் காலை முதலாளியையும் வைத்துக்கொண்டு திறந்து பார்த்தால் செம்பருத்திப் பூச்சி அத்தனையும் செத்துக் கிடந்தது. கொடிக்கால் பூச்சி மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தது.

"அப்பா, நீங்களும் வெறுந்தண்ணியத்தான் ஊத்துனீகளா?" என்றாள் கனகா. சிரிப்பில் வகுப்பே அதிர்ந்தது. முதலாளி பாட்டிலை மோந்து பார்த்தார்.

"மொத மொத அடிச்சப்ப நூத்துல மூணு தப்பிச்சிருக்கும். இப்பக் கொடிக்கால்ல இருக்கிறதெல்லாம் யாரு பிள்ளைக?" என்று டீச்சர் கேட்டார்.

"தப்பிச்சதோட பிள்ளைக!" என்று கத்தினார்கள் பிள்ளைகள்.

"அப்ப என்ன செய்யலாம்?"

"இதவிடக் கடுசான மருந்து டீச்சர்!" என்றான் ஒரு பையன்.

"அதுலயும் மூணு தப்பிக்குமேடா. பூச்சி தாங்கிக்கிரும், வெத்தலையத் திங்கிறவுக தாங்குவாகளா?" என்றாள் கனகா. "நாலு வரிசைய அடிக்காம விடுவோம்ப்பா. மருந்துக்குச் சாகுற சாதிப் பூச்சியும் அதைத் திங்கிற பொறிவண்டும் அங்கன பொழைச்சுக் கெடக்கட்டும். தாங்குற பூச்சி அதுகளோட கூடிப் பெக்குற பிள்ளைகளாச்சும் மருந்துக்குச் சாகும்."

"கடுமையா அடிக்க அடிக்க, தாங்குறது மட்டும்தான் மிஞ்சும்" என்றார் டீச்சர். என் பேர் மீண்டுவிட்டது, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"மொதலாளி, இருபது ஊத்த வேண்டிய எடத்துல நான் நாப்பது ஊத்துனேன்."

அவர் பாட்டிலை மேசையில் வைத்தார்.

"அடப்பாவி. அம்புட்டும் என் காசுடா."

"ஆமா."

"போன வருசம், கூட ரெண்டு மூடி ஊத்துடான்னு சொன்னதும் நான்தான." சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். "வாசிக்கத்தான் படிச்சிட்டியே, ஒன் பேரத் தேடு."

மூன்றாம் பக்கத்தில் இருந்தது. விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். அவர் பேனாவை நீட்டினார். என் பேரையும் தொகையையும் சேர்த்து நானே கோடு போட்டு அடித்தேன்.