அனுமதி கேட்ட திரை

அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவிடுக்கின் வெளுப்பை வைத்துத்தான் விடிந்ததைத் தெரிந்துகொள்வோம். இரவு பத்துக்கு உட்கார்ந்த மூன்று பேருக்கும் முதுகு கட்டையாகிவிட்டது. கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் எரிச்சல்.

விண்டோஸில் ஓடும், கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் காட்டும் ஒரு கருவியை லினக்ஸுக்கும் மேக்குக்கும் மாற்றுவது எங்கள் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு புரோகிராமைப் பிடித்து நிறுத்தி, அதன் வயிற்றுக்குள் இருப்பதை அது வரிவரியாகக் காட்டும். பிழை தேடுவதற்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள். லினக்ஸைப் பக்கத்து நாற்காலிக்காரன் முடித்துவிட்டான்; தாடி என்றுதான் அவனைக் கூப்பிடுவோம். மேக் என் தலையில்.

எதைப் பிடிக்க வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் அமைப்புக் கோப்பை முதலாளி தன் கணினியிலிருந்து அனுப்பி, அதை வைத்தே ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார். ஓட்டினேன். சோதனை பார்க்கும் அக்காவின் மேக்கில் ஒரு பெட்டி குதித்தது.

"இதென்னடா, என் பாஸ்வேர்டைக் கேக்குது? வேற புரோகிராமைப் பிடிக்கணுமாம், அனுமதி குடுக்கணுமாம்."

கோப்பைத் திறந்து பார்த்தோம். பிடிக்க வேண்டியது நாங்கள் எல்லோரும் தட்டச்சு செய்யும் புரோகிராம். கீழே அலுவலகத்துக் கணினிகள் அத்தனையின் பெயரும். நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தது. விண்டோஸ் யாரையும் கேட்கவில்லை. கருவி சத்தமில்லாமல் உள்ளே போய் வந்திருக்கிறது. மேக் கேட்டுவிட்டது.

எங்களோடு இருந்த நாலாமவன், கண்ணாடி போட்டதால் எங்களுக்குக் கண்ணாடி. போன மாதம் அவனை வேலையை விட்டு அனுப்பியபோது, தட்டச்சில் எத்தனை மணிக்கு அவன் கை நின்றது என்று முதலாளி நிமிடக் கணக்கில் வாசித்தார். எங்களில் யாரோ போட்டுக் கொடுத்ததாக நினைத்தோம்.

"உன்னைத்தான்டா சந்தேகப்பட்டேன்" என்றான் தாடி.

"நான் உன்னை."

கறுப்புத் திரை கண்ணில் படாமல் ஓடும் பகுதியை எழுதியவன் நான். எதற்கென்று கேட்கவில்லை. படிப்பைப் பாதியில் விட்டவனை வேறு எவன் எடுப்பான் என்ற பயம். அதை இப்போது சொன்னேன். அக்கா மணிக்கட்டுத் துணியை இறுக்கிக் கட்டினார். வலியால் அரை மணிக்கொரு தரம் கையை நிறுத்துகிறவர். அடுத்து வெளியே அனுப்பும் பெயர் அவருடையதுதான்.

"மேக்ல முடியாதுன்னு சொல்லிடு. அந்தாளுக்கு என்ன தெரியும்?" என்றான் தாடி.

"பொய் சொன்னா நாளைக்கு வேற ஒருத்தன் வந்து எழுதுவான். அவனும் எதுக்குன்னு கேக்க மாட்டான், இவன மாதிரி" என்றார் அக்கா.

சுருக்கென்றது. உண்மைதான்.

ஏழு மணிக்கு முதலாளி வந்தார். "மேக் முடிஞ்சுதா?"

"ஓடுது சார். பாஸ்வேர்ட் கேக்குது."

"கேக்கக் கூடாது. அதைத் தூக்கிடு. முடியாதா?"

"முடியும் சார். உங்க பாஸ்வேர்டுல முன்னாடியே அனுமதி வாங்கி வைக்கற மாதிரி எழுதணும், அவ்வளவுதான்."

"அப்புறமென்ன?"

"எழுத மாட்டேன்."

தாடியிடம் திரும்பினார். "நீ எழுது."

"எனக்கும் விரல் வரல சார். நிமிஷத்தைக் குறிச்சுக்குங்க."

"நக்கலா? மூணு பேரும் சேர்ந்துட்டீங்களா?"

"நாலு பேர் சார்" என்றார் அக்கா. "கண்ணாடியத் திரும்பக் கூப்பிடுங்க. யார் மெஷினுக்குள்ளயும் கேக்காம நுழைய மாட்டோம்னு எழுதிக் குடுங்க."

"பத்து மணிக்குள்ள வேலை முடியணும். இல்லன்னா மூணு பேரும் கார்டை வச்சிட்டுக் கிளம்புங்க."

கதவை அறைந்துவிட்டுப் போனார். தைரியமெல்லாம் ஒன்றுமில்லை. போக வேறு இடமும் இல்லை.

கதவு மறுபடி திறந்தது. வாடிக்கையாளர் அழைப்பெடுக்கும் அடுத்த அறைப் பெண், ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடி நின்றாள். பின்னால் ஏழெட்டுப் பேர்.

"அக்கா, சத்தம் கேட்டுச்சு. எங்க மெஷின்லயும் இருக்கா?"

"இருக்கு."

"எப்படிப் பாக்கறது?"

அக்கா என்னைப் பார்த்தார். எழுந்து என் நாற்காலியை அந்தப் பெண்ணிடம் தள்ளினேன்.

"உக்காரும்மா. உள்ள என்னென்ன ஓடுதுன்னு ஒரு பட்டியல் இருக்கும், முதல்ல அதைத் திற. மத்தவங்களும் கிட்ட வந்து பாருங்க."