சரிவுக்கு முன்னால் நின்ற நந்தி

மூன்று நாளாகக் கரும்பு லோடு அடித்து, இடுப்பு இற்றுப்போய்த்தான் முனிரத்தினம் அந்த வெள்ளிக்கிழமை காலை கல்பட்டறைக்கு டிராக்டரைக் கொண்டுபோனான். பாலாற்றுக்கு அக்கரையில் அவன் பெண் எடுத்த ஊர்க்காரர்கள் சிவன் கோயிலுக்கு அந்தப் பட்டறையில் புது நந்தி செய்யக் கொடுத்திருந்தார்கள். அதை ஏற்றிவரச் சொல்லி மைத்துனன் குமாரசாமி கேட்டால் மறுக்க முடியுமா?

போய்ப் பார்த்தால், கிரேன்காரன் நந்தியை டிராக்டர் இழுக்கும் பெட்டியின் வால்பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பியே விட்டான். ஓட்டுகிறவன் முதுகுக்கு ஒட்டினாற்போல் சாமி இருக்கக் கூடாதாம். பின்னால் நடந்து வருகிறவர்கள் சந்திக்குச் சந்தி கற்பூரம் காட்ட வேண்டுமாம். இரண்டே சக்கரம் உள்ள பெட்டியில் பாரம் அச்சுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும் என்று முனிரத்தினத்துக்கு நன்றாகவே தெரியும். ஆனால் சொன்னால் பத்துப் பேரோடு அரைமணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். "சரியா இருக்குதாப்பா?" என்று ஊர்ப் பெரிய மனிதர் கதிர்வேல் கேட்டபோது, அசதியில் தலையை ஆட்டிவிட்டான்.

செவிலிமேட்டில் வேகத்தடை வந்தது. பிரேக்கை மிதித்தான். டிராக்டரின் பின்சக்கரங்கள் தரையில் அழுந்தாமல் வழுக்கின. பெட்டி பின்னாலிருந்து முட்டித் தள்ளியது. திரும்பிப் பார்த்தால், கொக்கியைப் பெட்டி மேல்நோக்கித் தூக்கிக்கொண்டிருந்தது. அவன் தூக்கமெல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது.

பாலத்தை ஊர்ந்து கடந்தான். ஊருக்குத் திரும்பும் இறக்கத்துக்கு முன்னால், சமமான இடம் பார்த்து ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான்.

"கிரேனை திரும்பக் கூப்பிடுங்க. கல்லை முன்னால நகத்தணும். இப்படியே இறக்கத்துல விட்டா வண்டி நிக்காது."

"விளையாடுறியா? பத்தரைக்கு ராகுகாலம் பொறக்குது. அதுக்குள்ள ஊருக்குள்ள போயாகணும்," என்றார் கதிர்வேல்.

அப்போதுதான் குமாரசாமி முன்னால் வந்தான். தோளில் முட்டுக்கட்டை. முப்பது வருடமாக வைகாசித் தேருக்குக் கட்டை போடுகிற கை அது. தேரையே வீதித் திருப்பத்தில் நிறுத்துகிறவன் என்று ஊரில் அவனுக்குத் தனி மரியாதை.

"நீ ஓட்டு மாப்ள. நான் சக்கரத்துக்குப் பக்கத்துலயே வந்துக்கினு இருக்கேன். வேகம் எடுத்தா கட்டையைக் குடுத்துடுறேன்."

முனிரத்தினம் பெட்டியின் சக்கரத்தைக் காட்டினான்.

"மச்சான், தேரை நூறு பேர் இழுத்தாத்தான் நகரும். இது யாரும் இழுக்காமலே வரும். ரப்பர் சக்கரம் கட்டை மேல ஏறி அப்படியே உன் மேல வரும்."

"எனக்கே கட்டை போடக் கத்துத் தர்றியா?"

"கத்துத் தரல. வாணாங்கிறேன்."

"அப்ப காலைல ஏன்யா சரின்னு தலையாட்டுன?" என்று கதிர்வேல் கத்தினார்.

"தப்புதாங்க. அசதியா இருந்திச்சி, பேசாம விட்டுட்டேன்," என்றான் முனிரத்தினம். குடித்திருக்கிறான் என்றார்கள். பொண்டாட்டி ஊரை மதிக்காதவன் என்றார்கள். அவன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தான். ஏச்சு ஒவ்வொன்றும் உறைத்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

பத்தரை ஆயிற்று. இறக்கத்தின் கீழே ஆரத்தித் தட்டோடு காத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குத் திரும்பினார்கள். கிரேன் வந்து சேரப் பன்னிரண்டு தாண்டிவிட்டது. நந்தியை அச்சுக்கு முன்னால் நகர்த்தி, சங்கிலி போட்டு இறுக்கிக் கட்டியதும், முதல் கியரிலேயே சரிவில் இறக்கினான். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. அதனாலேயே, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அவன் காதுபடவே பேசிக்கொண்டார்கள். குமாரசாமி தூரத்தில், தோளில் கட்டை இல்லாமல் கையை வீசிக்கொண்டு, இவன் பக்கமே திரும்பாமல் நடந்து வந்தான்.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. மனைவி இந்திராணி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது.

"அண்ணன் போன் பண்ணாரு. ஊர் முன்னால அவரை அசிங்கப்படுத்திட்டியாமே. இனிமே இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டாராம்."

முனிரத்தினம் சோற்றைப் பிசைந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"மிதிக்காட்டி போவட்டும். காலு ரெண்டும் இருக்குது இல்ல அவருக்கு."

அவள் என்னவோ கேட்டாள். அதற்குள் கை தட்டில் இருக்க, சுவரில் சாய்ந்தபடி அவன் தூங்கிப்போயிருந்தான்.