சியாசிக்குப் பிடித்த எண்ணெய்

பேத்தியின் தொப்புள்கொடியை வெட்டியவள் ஆகினிசி என்று கேள்விப்பட்டபோது காலிங்கோவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். வடக்கே பனிக்கடலோரத்து அந்த ஊரில் கொடி வெட்டியவள் சொல்வதுதான் பெயர். தாத்தாவே ஆனாலும் அதில் வாயைத் திறக்கக் கூடாது. காலிங்கோவின் ஒரே மகள் பாசா, இடுப்புவலி கண்டதுமே ஆகினிசியைத்தான் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். இப்படி ஒரு அழைப்புக்காகத்தான் ஆகினிசி நாலு குளிர்காலமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

சியாசி என்று பெயர் வைத்தாள். செத்துப்போன அவளுடைய அக்காவின் பெயர்.

அந்த ஊரில் செத்தவளின் பெயரை வாங்கிய குழந்தை செத்தவளேதான். கைக்குழந்தையை ஆகினிசி 'அக்கா' என்று கூப்பிட்டாள். ஊரும் சியாசி திரும்பி வந்துவிட்டாள் என்று மகிழ்ந்தது. இனி காலிங்கோ தன் வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிக் கொஞ்சியாக வேண்டும். கொஞ்சட்டும், நன்றாகக் கொஞ்சட்டும் என்று ஆகினிசி உள்ளுக்குள் கருவிக்கொண்டாள்.

விஷயம் பழையது. குன்றின்மேல் இருந்த ரேடார் நிலையத்தைப் பட்டாளம் கைவிட்டுப் போனபின், அதைச் சுத்தம் செய்ய ஒரு கம்பெனி வந்தது. ஊரில் ஆங்கிலம் தெரிந்தவர் அப்போது காலிங்கோ ஒருவர்தான். இன்ஜினியர் சொல்வதை ஊருக்குச் சொல்வதும் அவர்தான், அங்கே கிடந்த காலி எண்ணெய் டிரம்களைப் புதைக்கும் பொறுப்பும் அவருடையதுதான். கோடையிலும் உருகாத மண்ணில் குழி வெட்டுவது இடுப்பை ஒடிக்கும் வேலை. அவர் வெட்டவில்லை. கம்பெனி சும்மா தருகிறது, மாவு வந்த டிரம்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்கு வீடு தானம் செய்துவிட்டார். ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. கம்பெனியும் திரும்பிப் பார்க்காமல் விமானம் ஏறியது.

சியாசி தன் பங்கு டிரம்மில் கடல்நாய்க் கொழுப்பைப் போட்டுப் புளிக்க வைத்தாள். தோல்பையில் வைத்தால் நாய் கடித்துக் கிழிக்கும். இரும்பைக் கரடிகூட ஒன்றும் செய்ய முடியாது. உருகி ஊறிய அந்த எண்ணெயில் தொட்டுத் தின்னாமல் அவளுக்கு ஒரு வாய் இறைச்சி இறங்காது. பிள்ளை இல்லாதவள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவள் வீட்டில்தான் கிடக்கும்.

அவள் மார்பில் கட்டி வந்தது. தெற்கே பெரிய ஆஸ்பத்திரியில், ரேடார் நிலையத்து மின்மாற்றி எண்ணெயில் இருக்கும் விஷம் இவள் இரத்தத்தில் எப்படி இவ்வளவு ஏறியது என்று டாக்டர் வியந்தார். கட்டிக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் கொழுப்பில் போய்த் தங்கும் இந்த விஷம் லேசில் உடம்பை விட்டுப் போகாது என்றார். சியாசி சவப்பெட்டியில்தான் ஊர் திரும்பினாள். டிரம்மைத் தூக்கி எறியுங்கள் என்று ஆகினிசி வீடுவீடாகப் போய்க் கத்தினாள். மாவு டிரம்தான், சத்தியம் என்றார் காலிங்கோ. அக்கா போன துக்கத்தில் மூளை குழம்பிவிட்டது பாவம் என்று ஊர் அவளுக்குப் பரிதாபப்பட்டுவிட்டு, அதே டிரம்மில் தொட்டுத் தின்றது.

ஆனால் காலிங்கோ ஒரு விருந்திலும் அந்த எண்ணெயைத் தொட்டதில்லை. வயிற்றுக்கு ஆகாது என்பார். மகளையும் தொடவிட மாட்டார். அதை ஆகினிசி மறக்கவில்லை.

பெயர் விருந்தன்று ஊரே காலிங்கோ வீட்டில் கூடியது. தரையில் அட்டை விரித்து, உறைந்த மானிறைச்சியும் திமிங்கலத் தோலும் அறுத்துப் போட்டிருந்தார்கள். பெயருக்கு உரியவள் உயிரோடு இருந்தபோது எதை விரும்பித் தின்றாளோ, அதைக் குழந்தையின் உதட்டில் கொடி வெட்டியவள் தடவ வேண்டும். ஆகினிசி ஒரு கிண்ணத்தோடு வந்தாள். அதில் இருந்தது அவள் வீட்டுத் தோல்பையில் ஊறிய எண்ணெய்; டிரம்மின் வாடையே படாதது. அக்காவின் பெயரைத் தாங்கிய பிள்ளைக்கு அவள் விஷம் வைப்பாளா?

பாசா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆகினிசி அருகில் மண்டியிட்டாள்.

"அக்கா, உனக்குப் பிடிச்சது கொண்டாந்திருக்கேன். உன் டிரம்முல அடியில கிடந்ததைச் சுரண்டி எடுத்தேன்."

விரலை எண்ணெயில் முக்கினாள். பாசா சிரித்துக்கொண்டே குழந்தையின் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். விரல் உதட்டை நெருங்கியது. காலிங்கோ இறைச்சியை மிதித்துக்கொண்டு பாய்ந்து வந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டார். எண்ணெய் சுவரெல்லாம் தெறித்தது.



"ஏண்ணே?" என்றாள் ஆகினிசி, பதறாமல். "மாவு டிரம்தானே?"

சுற்றியிருந்தவர்கள் மெல்ல மெல்லத் தங்கள் வாயிலிருந்ததை மெல்வதை நிறுத்தினார்கள். ஒரு கிழவர் தன் முன்னால் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"சொல்லுண்ணே. ஊரு கேக்குது."

"தொடக்கூடாதுன்னு அந்த இன்ஜினியர் சொன்னான்," என்றார் காலிங்கோ, தரையைப் பார்த்தபடி. "எல்லாருக்கும் சொல்லுன்னான். ஆழமாப் பொதைன்னான். மண்ணு கல்லாக் கெடந்துச்சு. நான்... கழுவினேன். கழுவினாப் போயிரும்னு நெனைச்சேன்."

"அப்புறம் ஏன் உன் மகளுக்கு மட்டும் குடுக்கலே?"

ஆகினிசிக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமில்லை. ஊரின் ஒவ்வொரு கண்ணும் அவரைக் குத்துவதை ஆசை தீரப் பார்த்தாள். இது போதாது, சாகும்வரை தினமும் இந்த வீட்டுக்கு வந்து அக்காவை மடியில் போட்டுக்கொண்டு இவர் எதிரிலேயே உட்காருவேன் என்று நினைத்தாள்.

"அப்பா," என்றாள் பாசா. குரல் சன்னமாக இருந்தது. "நீ வேணாம்னு சொன்னதாலதான் ஒளிஞ்சு போயித் தின்னேன். சியாசி அத்தை வீட்டுல. தெனமும். கல்யாணம் ஆகிறவரைக்கும்."

காலிங்கோ பால் குடிக்கும் பேத்தியைப் பார்த்தார்.

பாசா தன் மார்பைக் குனிந்து பார்த்தாள். பிறகு குழந்தையின் வாயில் விரலை விட்டு, காம்பிலிருந்து மெதுவாக விடுவித்தாள். விஷம் பாலிலும் இறங்கியிருக்கும் என்று ஆகினிசி நினைத்துப் பார்க்கவே இல்லை. அவள் கையை நீட்டினாள். பாசா குழந்தையைத் தரவில்லை. சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, அவளையும் அப்பாவையும் ஒரே மாதிரிப் பார்த்தாள்.

அக்கா பசி தாங்காமல் அழத் தொடங்கினாள்.