காலை மட்டும் தூய காற்று

"மார்ச் 8, சனி. ஒரு சிறு தவறு செய்திருக்கிறேன். ஓசோன் அளவைத் தினமும் விடியற்காலையில் மட்டுமே எடுத்தேன். வெயிலில் உருவாகி நுரையீரலைக் கெடுக்கும் வாயுவை வெயில் இல்லாத நேரத்தில் அளந்திருக்கிறேன்."

எழுதியதை வளர்மதி இரண்டு முறை படித்துவிட்டு, 'சிறு' என்ற சொல்லை அடித்தாள். அந்த அளவைத்தான் அவளுடைய முதலாளி மோகன் சாலவாக்கம் ரோட்டில் ஆளுயர பேனராகக் கட்டியிருந்தார்: 'தூய காற்று மனைகள். அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது.' அறிவியல் என்பது, உத்திரமேரூரில் மாலை வகுப்பில் சுற்றுச்சூழல் படிக்கும் வளர்மதியும், வகுப்பிலிருந்து இரவல் வந்த ஒரு கருவியும்.

ஞாயிறு மதியம் மேகமே இல்லை. காற்றும் போனால் போகிறதென்று அசைந்தது. கருவி காலை அளவைப் போல நான்கு மடங்கு காட்டியது.

"மிஷினுக்கு வெயிலு ஒத்துக்கலயா?" என்றார் மோகன்.

"மிஷினு நல்லாத்தான் கீதுண்ணா. மெட்ராஸ் பக்கத்து வண்டிப் பொகை காத்துல வருது. வர்ற வழியெல்லாம் வெயில்ல வெந்துகினு, நம்ம கிட்ட வரும்போது பதமா ஓசோன் ஆயிடுது."

"அப்ப பார்ட்டிங்கள காலையில இட்டாந்து காட்டு. மதியானத்துல எவன் காத்து வாங்கறான்?"

ஆனால் மனை வாங்கவிருந்த பெருங்களத்தூர் கீர்த்தி அன்று மதியம்தான் வந்தாள். நகரத்துப் புகையிலிருந்து தப்பிக்கக் காரில் வந்திருந்தாள். புகையும் அதே திசையில் பின்னாலேயே வந்திருந்தது. அதற்கு டோல்கேட் மட்டும் கிடையாது. பின் சீட்டில் மூச்சிரைப்பு உள்ள மகள், கையில் இன்ஹேலர். இன்று முன்பணம் தருவதாகப் பேச்சு.

"இங்க இவளுக்கு ஒத்துக்கும்தானே?" என்று வளர்மதியிடம் கேட்டாள் கீர்த்தி.

மோகன் முந்திக்கொண்டார். "இந்தக் காத்த டப்பாவுல அடைச்சே விக்கலாம் மேடம்."

வளர்மதிக்குத் தன் கணக்கின் மேலேயே எப்போதும் சந்தேகம். ஒரே ஒரு மதிய அளவை நம்பிப் பேசலாமா? அதற்குள் சிறுமி இருமினாள்.

"காலையில நல்லா கீதுங்க. இப்பிடி வெயிலடிச்சு, காத்து மந்தமா கீற மதியத்துல நல்லா இல்ல. நான் காலையில மட்டும் அளந்தேன். தப்பு என்னுதுதான்."

"மேகமூட்டமா இருந்தா?"

"கொறயணும். அளக்காம சொல்ல மாட்டேங்க."

கீர்த்தி செக்கைப் பைக்குள் வைத்தாள். வளர்மதியின் நம்பரை வாங்கிக்கொண்டு காரைத் திருப்பினாள்.

"காலேஜுல இதான் சொல்லிக் குடுக்கறாங்களா?" என்றார் மோகன். "நாளைலருந்து வூட்டுலயே குந்திகினு காத்த அள."

மதிய வேளைகள் அவளுக்கு இவ்வளவு தாராளமாகக் கிடைத்ததில்லை. மாலையில் எழுதினாள்:

"நாளை, திங்கள்: மதியம் மூன்று மணிக்கு அளவெடுக்க வேண்டும். மேகத்தையும் காற்றின் திசையையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். கீர்த்திக்கு அனுப்ப வேண்டும்."