கெட்டி டயர்

ஹாரன் சாரின் முன்பற்கள் இரண்டும் எங்கள் வாசல்படியில் கிடந்தன. ஒன்று வேரோடு முழுசாக வந்திருந்தது. மற்றது பாதியில் முறிந்திருந்தது. நான் பல் செய்கிறவள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பீங்கானில் பல் வார்த்துக் கொடுக்கும் கூடத்தில் எனக்கு வேலை. அதனால் தெருவே கூடி இரத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் கண் மட்டும் பல்லுக்குப் போனது. வேரோடு விழுந்த பல்லை உடனே பாலில் போட்டுக் கொண்டுபோனால் திரும்பப் பொருத்திவிட வாய்ப்பு உண்டு. உள்ளே ஓடி ஒரு டம்ளரில் பால் எடுத்துவந்து, வேரில் விரல் படாமல் அதைத் தூக்கிப் போட்டேன். என் கணவர் டம்ளரை என் கையிலிருந்து பூப்போல வாங்கி, பாலைச் சாக்கடையில் ஊற்றினார். "நீ உள்ள போ மா. கையெல்லாம் அழுக்காயிடுச்சு பாரு" என்றார். அவர் புறங்கையில் ஹாரன் சாரின் பல் பட்டுக் கிழிந்த கோடு ஒன்று இருந்தது.

எதிர்வீட்டுக்காரருக்கு ஹாரன் சார் என்று பெயர் வைத்தது நான்தான். மனிதர் காரிலிருந்து இறங்கித் தன் வீட்டு கேட்டைத் திறக்கமாட்டார். மனைவி வந்து திறக்கும்வரை ஹாரனில் வைத்த கையை எடுக்கவும் மாட்டார். என் கார் அவர் கேட்டுக்கு எதிரே நின்றால் அதற்குத் தனியாக ஒரு ஹாரன், கூடவே ஒரு முறைப்பு. "ஏம்மா, ரோடு என்ன உங்கப்பா எழுதிவெச்ச சொத்தா?" என்று ஒருநாள் கேட்டும்விட்டார். ஆகவே யாரோ என் டயரைக் கத்தியால் குத்த ஆரம்பித்தபோது, யார் என்று நாங்கள் மண்டையைக் குடைந்துகொள்ளவே இல்லை. மூன்றாவது டயரும் போன காலையில் என் கணவர் குனிந்து அந்த வெட்டைப் பார்த்தார். சட்டைக் கையை ஒழுங்காக மடித்துவிட்டுக்கொண்டார். தெருவைக் கடந்துபோய், பல் தேய்த்துக்கொண்டிருந்த ஹாரன் சாரைக் கழுத்தோடு பிடித்து இழுத்துவந்து, எங்கள் இரும்பு கேட்டில் முகத்தை மோதினார். மோதிக்கொண்டே இருந்தார். "என் பொண்டாட்டி வண்டியத் தொடுவியா? தொடுவியா?" என்று ஒவ்வொரு மோதலுக்கும் கேட்டார். பதில் சொல்ல அந்த ஆளுக்கு வாய் மிச்சம் இருக்கவேண்டாமா? பிரஷ் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. அவர் மனைவி நடுவில் விழுந்து என் கணவரின் காலைப் பிடித்த பிறகுதான் விட்டார்.

என் கணவர் வங்கியில் காசாளர். கிழிந்த நோட்டைக்கூட முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பார் என்று ஊரே அவர் வரிசையில்தான் நிற்கும். அப்படிப்பட்ட மனிதர் எனக்காக இப்படி அடித்துவிட்டாரே என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பயமும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் விழுங்கினேன்.

கார் என்னுடையது. என் சம்பளத்தில், பழையதாக வாங்கியது. சின்ன வண்டி, ஆனால் இஞ்சினுக்குப் பலம் அதிகம். நான் வேலை செய்யும் கூடம் மலைக்கு அந்தப் பக்கம். பஸ்ஸை நம்பினால் பாதி நாள் போய்விடும். வெயில்காலத்தில் மலைப்பாதையின் தார் இளகி மினுங்கும். அந்த வளைவுகளில் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வரும், அதை யாரிடமும் சொன்னதில்லை. கூடத்தின் முதலாளியம்மா போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "இத்தனை வருஷமா கூடத்தப் பாத்துக்கிட்ட பெரியவர் ரிட்டயர் ஆறாரு. மொத்தப் பொறுப்பையும் உங்கிட்டதான் குடுக்கப்போறேன். ஆனா சாவி உங்கிட்ட இருக்கும், காலையில வந்து திறக்கறவ நீதான். இன்னொரு தடவை டயரு, பஞ்சருன்னு வந்து நிக்காத. வேற ஆளப் பாத்துக்குவேன், ஆமா" என்றார். திங்கட்கிழமை பொறுப்பேற்க வேண்டும் என்று முடிவானது.

டயர் போன நாட்களில் என் கணவர் என்னை பைக்கில் கொண்டுபோய் விடுவார். வழியில் நிறுத்தி காபி வாங்கித் தருவார். "இதுக்குத்தான் சொல்றேன், ஒரு பொம்பள தனியா அவ்ளோ தூரம் எதுக்கு?" என்பார். அந்த நாட்களில் அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அன்பு என்று நினைத்திருந்தேன். அன்பாகவும் இருக்கலாம், யார் கண்டது.

ஹாரன் சார் வீங்கிய முகத்தோடு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போலீசுக்குப் போகவில்லை, என் கணவரின் கையை அவர் முகம் மறக்கவில்லை போலிருக்கிறது. மாடிப்படியில் விழுந்துவிட்டதாக டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். அந்த டாக்டர் பல் செய்ய எங்கள் கூடத்துக்குத்தான் அனுப்புவார். அச்சு வந்த அன்று, கீழ்வரிசையின் கோணலைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்தது. என் கணவர் சாக்கடையில் ஊற்றிய பல்லை நான் மேசை விளக்கின் கீழ் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். அந்த வாரக் கடைசியில், எதிர்வீடு பூட்டிக் கிடக்கும்போதே, என் காரின் இரண்டு டயர்கள் குத்தப்பட்டிருந்தன. "ஆள் வெச்சுப் பண்றான்" என்றார் என் கணவர், காபியை ஆற்றியபடி.

டயர்க்கடைக்காரர் கேலிப் பேர்வழி. "என்ன மேடம், உங்க வண்டி மாசாமாசம் என்னப் பாக்க வந்துடுது" என்று வரவேற்றார். பக்கவாட்டில் விழுந்த வெட்டை ஒட்ட முடியாது. மற்ற இரண்டும் தேய்ந்திருந்தன. நான்கையும் மாற்றிவிடுங்கள் என்றார். வெயிலில் இளகும் மலைத்தாருக்கு ஏற்ற டயரில் இரண்டு வகையை உருட்டிவந்து எங்கள் முன் நிறுத்தினார்.

"இது மெத்துன்னு போகும். ரோட்டக் கடிச்சுப் புடிக்கும், சத்தமே இருக்காது. தினம் ஓட்டறதுக்கு சுகம். அது கெட்டி. பள்ளத்துல விழுந்தா உங்க முதுகுக்குத் தெரிஞ்சுடும். ஆனா வளைவுல நீங்க நினைச்ச இடத்துல திரும்பும். ரெண்டும் தங்கமான டயர்தான். நீங்கதான் சொல்லணும்."

நான் பள்ளங்களை நினைத்தேன், முதுகை நினைத்தேன், மலையின் வளைவுகளை நினைத்தேன். மெத்தென்றதையே வாங்கிவிடலாம் என்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்டேன். என் கணவருக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. டயர் கறுப்பு என்பது தெரியும். ஆனால் அவர் குந்தி உட்கார்ந்து இரண்டு டயர்களையும் பார்த்தார். எல்லோரும் தடவிப் பார்க்கும் வரிகளை அவர் பார்க்கவில்லை. பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். மெத்தென்ற டயரில் விரலுக்கு இடம் கிடைத்தது. கெட்டி டயரில் நகம் வெளுத்ததுதான் மிச்சம். கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில் அமுக்கினார்.

"என்ன சார், டாக்டர் ஊசி போட இடம் தேடற மாதிரி அமுக்கறீங்க?" என்று கடைக்காரர் சிரித்தார்.

என் கணவரும் சிரித்தார். "இது நல்லா இருக்கு மா. மெத்துன்னு. இதையே வாங்கிடு" என்றார்.

நான் அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் விடுப்பில் போய் என்னிடம் சாவி கொடுத்த மறுநாள் ஒரு டயர். வெளியூர் டாக்டர்கள் என் வேலையைப் பார்க்க வந்த அன்று ஒரு டயர். பொறுப்பு எனக்குத்தான் என்று வீட்டில் வந்து சொன்ன மறுநாள் காலை ஒரு டயர், ஒரு மனிதனின் முகம். இத்தனையும் என் கண்முன்னால்தான் நடந்தது. பல்லின் மயிரிழைப் பிசகைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவள், வீட்டில் குருடியாக இருந்திருக்கிறேன்.

பில் போட மேசைக்கு வந்து உட்கார்ந்ததும், "கெட்டியானதையே போடுங்க" என்றேன்.

மேசைக்குக் கீழே அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. எலும்பும் எலும்பும் உரசும்வரை திருகியது. மேசைக்கு மேலே அவர் முகம் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. "அவளுக்கு முதுகு வலி இருக்கு. மெத்துன்னே போடுங்க" என்றார்.

"வண்டி எம்பேர்ல இருக்கு" என்றேன், கடைக்காரரிடம். கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைக்க ஒரு கைதான் இருந்தது.

டயர் கிழியாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். வேறு எதுவும் கிழியவேண்டும் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தால் முன்னாலேயே வாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் குழாய்ச் சத்தம் கேட்டு எழுந்தேன். சமையலறைத் தொட்டி முழுக்கச் சிவப்பு. அவர் வலது கையைத் தண்ணீருக்கு அடியில் பிடித்துக்கொண்டு நின்றார். நான்கு விரல்களின் உட்பக்கமும் ஒரே கோட்டில் திறந்து கிடந்தன, சுண்டுவிரல் மடங்கவில்லை. "பழம் வெட்டினேன்" என்றார். எங்கள் வீட்டில் ஒரு வாரமாகப் பழமே இல்லை.

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். கார் நான்கு கால்களிலும் நிமிர்ந்து நின்றது. முன்டயரின் பக்கவாட்டில் ஒரு கீறல் மட்டும், பூனை பிறாண்டியதுபோல. என் காய்கறிக் கத்தி தரையில் கிடந்தது. அதன் பிடியில் கையை நிறுத்தத் தடுப்பு கிடையாது. முனை டயரில் ஏறாமல் நின்றபோது, குத்திய வேகத்தில் கை மட்டும் அலகு வழியாக இறங்கிப்போயிருக்கிறது. கத்தியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே வந்தேன். அவர் கையில் துண்டைச் சுற்றி, "மேல தூக்கிப் புடிங்க, அப்பதான் இரத்தம் நிக்கும்" என்றேன்.

"பைக் ஓட்ட முடியாது மா. நீ கொண்டுபோய் விடு" என்றார்.

நல்ல ஆஸ்பத்திரியும் மலைக்கு அந்தப் பக்கம்தான். முதல் வளைவில் நான் பிரேக்கைத் தொடவில்லை. வண்டி முகத்தைத் திருப்பிய வேகத்தில் அவர் தோள் கதவில் மோதியது. அடுத்த வளைவில் என் மேல் சாய்ந்தார். துண்டிலிருந்து இரத்தம் தெறித்து என் சேலையில் பட்டது. சின்னச் சின்னப் பள்ளமெல்லாம் என் முதுகில் ஏறியது. கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை.

"மெதுவா போ மா."

"டயரு புடிக்குதான்னு பாக்கறேன். நீங்க அமுக்கிப் பாத்ததுதானே."

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத ஒரு குரலில் அவர், "ஏய், நிறுத்துடி!" என்று கத்தி, நல்ல கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார். சக்கரம் தடுப்புக் கல்லை உரசியது. கீழே வெறும் காற்று. நான் ஒரு கையால் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டு, மற்ற கையால் அவருடைய வெட்டுப்பட்ட கையைத் துண்டோடு பிடித்து, என் பலம் முழுவதையும் கொடுத்து அமுக்கினேன். அவர் அலறினார். ஸ்டியரிங்கை விட்டார். அதற்குப் பிறகும் கொஞ்ச தூரம் நான் அமுக்கிக்கொண்டே ஓட்டினேன். எனக்குப் பாவமாக இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இறக்கத்தில் அவர் குரல் பழையபடி சுருங்கிவிட்டது. "நர்ஸ் கேட்டா என்ன சொல்றது?"

"பழம்னு சொல்லுங்க. மாடிப்படின்னு சொல்லாதீங்க. அத ஏற்கனவே ஒருத்தர் சொல்லிட்டாரு."

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். சீட் பெல்ட்டை அவரால் கழற்ற முடியவில்லை, நான் கழற்றிவிட்டேன். குனிந்து கதவையும் திறந்துவிட்டேன். அவர் இறங்கி நின்று, நான் இறங்குவேன் என்று காத்திருந்தார்.

"நீ உள்ள வரல?"

"லேட்டாயிடும்" என்றேன்.

கூடத்தின் சாவி என் மடியில் இருந்தது. கைப்பையில், பஞ்சு சுற்றிய டப்பாவுக்குள், ஹாரன் சாரின் இரண்டு பற்கள் இருந்தன; இன்றைக்கு டாக்டரிடம் போகவேண்டியவை. வண்டியை நகர்த்தினேன். தெருமுனையில் திரும்பும்போது கண்ணாடியில் அவர் தெரிந்தார். நான் சொன்னபடியே, சிவந்த துண்டு சுற்றிய கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தார். அவரைக் கடந்துபோன ஒரு குழந்தை, யாருக்கோ டாட்டா காட்டுகிறார் என்று நினைத்து, திரும்பி என் காரைப் பார்த்துக் கையை ஆட்டியது.