ஒப்புதலுக்குக் காத்திருப்பவை

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். வாசலை ஒட்டித் தரைக்குள் இறக்கிய தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் தகர மூடியைத் தூக்கி, செல்போன் வெளிச்சத்தில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்தேன். ஓரடிக்குக் கொஞ்சம் மேல். மூடியைப் போட்டு அதன்மேல் செங்கல்லை வைத்தேன். தண்ணீர் லாரிக்காரருக்குப் போன் செய்தேன். மோட்டார் போட்டேன். பால் காய்ச்சினேன். மாவு புளித்துப்போயிருந்தது, அதனால் பிரெட். மோட்டாரை நிறுத்தினேன். குளித்தேன். ஏழு பத்துக்குக் கிளம்பும்போது செங்கல் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு கேட்டைப் பூட்டினேன்.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து பெருங்குடியில் இருக்கும் அலுவலகத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். பள்ளிக்கரணையில் வலதுபக்கம் சதுப்புநிலம் வரும். நான் இடதுபக்கம் உட்காருவேன்.

பஸ்ஸில் இருக்கும்போது ஆஸ்டினிடமிருந்து மெயில் வந்தது. எங்கள் கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன் அவன். மூன்று வாரமாக அனுப்பிவருவதுதான், இது கடைசி நினைவூட்டல். பழைய பயிற்சி சர்வர் இன்று மாலை ஐந்து மணிக்கு நிறுத்தப்படும். முடிந்த விண்ணப்பங்கள் மட்டும் புதிய சர்வரில் பாதுகாக்கப்படும். பாதியில் நிற்பவை அழிந்துவிடும்.

பாதியில் நிற்பது ஒன்றே ஒன்று. அது என்னிடம் நிற்கிறது.

வகுப்பில் பதினோரு பேர். எல்லோரும் புதிதாகச் சேர்ந்த டெவலப்பர்கள். ஒரு பெரிய மென்பொருளை ஒரே கட்டியாக எழுதாமல் தனித்தனிச் சேவைகளாகப் பிரிப்பது எப்படி, அந்தச் சேவைகளை வரிசைப்படுத்தி ஒரு வேலையை முடிப்பது எப்படி என்பதுதான் பாடம். இதை உருவாக்கியவள் என் மனைவி ஸ்ரீவித்யா. மூன்று வருடம் அவள்தான் நடத்தினாள். அவள் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இப்போது நான் நடத்துகிறேன். ஸ்லைடுகளில் எதையும் மாற்றவில்லை.

அவளுடைய முதல் உதாரணம் தண்ணீர் லாரி.

"லாரிக்காரருக்கு நம்ம சம்ப் எவ்ளோ ஆழம்னு தெரியணுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் சார். எத்தனை லிட்டர், எந்த அட்ரஸ், அவ்ளோதான்" என்றாள் ஓவியா. முதல் வரிசை.

"அவர் தண்ணிய எங்கேருந்து எடுக்கறார்னு நமக்குத் தெரியணுமா?"

"தெரிஞ்சா குடிக்க முடியாது சார்" என்றான் தயாளன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் அனகாபுத்தூர்க்காரன். "எங்க வூட்டு போர்ல டீ கலர்ல வருது சார். லாரிக்கு போன் போட்டா அந்தாளு எடுக்கவே மாட்றாரு. ஒரே பேஜாரு."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"வேற லாரிக்குப் போடுவோம்."

"அதேதான். நீங்க கேக்கற விதம் மாறல. செய்யற ஆள் மாறிட்டார். கேக்கறதுக்கும் கொடுக்கறதுக்கும் நடுவுல ஒப்பந்தம் சரியா இருந்தா, செய்யறது யாருங்கறது முக்கியமில்ல. சேவைன்னா இதுதான்."

அந்த ஸ்லைடின் கீழே, பாடம் எடுப்பவருக்கு மட்டும் தெரியும் குறிப்பில், அவள் எழுதி வைத்திருக்கிறாள்: "இங்கே புருஷன் ஜோக்."

எந்த ஜோக் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மாடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அவள் வகுப்புக்கு ஒருமுறைகூடப் போனதில்லை.

அடுத்த ஸ்லைடுக்குப் போனேன்.

சேவைகளுக்குத் தங்கள் வேலை மட்டும்தான் தெரியும். எதற்குப் பிறகு எது என்று தெரிந்தது அவற்றை வரிசைப்படுத்தும் செயல்முறைக்கு மட்டும்தான். விடுப்பு விண்ணப்பம் வந்ததும் விடுப்பு மீதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும், பிறகு இன்னொருவரிடம் ஒப்புதல் கேட்கும், பிறகு எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொல்லும். நடுவில் மனிதர் வரும் இடத்தில் மட்டும் அது நின்றுவிடும். அவர் பதில் சொல்லும்வரை நிற்கும். இதைக் காட்டுவதற்காக அவள் ஒரு விடுப்பு விண்ணப்பத்தைப் பயிற்சி சர்வரில் செய்து வைத்திருந்தாள். எல்லோரையும் அதைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

ஓவியாதான் முதலில் பார்த்தாள்.

"சார், 'ஒப்புதலுக்குக் காத்திருப்பவை'ல ஒண்ணு இருக்கு. நானூத்தி இருபத்தொன்பது நாளா!"

"இன்னாது?" தயாளன் எட்டிப் பார்த்தான். "யார்ரா அந்த அப்ரூவர்? தூங்கிகினு கீறாரா?"

"ஸ்ரீவித்யான்னு ஒரு மேடம் சார். ஒரு நாள் லீவ் கேட்டிருக்காங்க. காரணத்தப் பாருங்களேன், 'பூநாரை.' கூட வர்றவர், 'அப்ரூவரே.'" ஓவியா சிரித்தாள். "பாவம் சார் அவங்க. யாரு சார் இந்தச் சோம்பேறி?"

"நான்தான்" என்றேன்.

சிரிப்பு இன்னும் கூடியது.

"ஒரு நாள் லீவுக்கா சார்!" என்றான் தயாளன். "குட்துட்டுப் போங்க சார்."

"இதுல என்ன தப்பு, சொல்லுங்க" என்று கேட்டேன். குரல் சரியாகத்தான் இருந்தது.

"டைமர் இல்ல சார்" என்றாள் ஓவியா. "மூணு நாளுக்குள்ள பதில் வரலன்னா மேல ஒருத்தருக்குப் போகணும். இல்லன்னா தானா முடியணும். மனுஷங்க வர்ற எடத்துல டைமர் வைக்காம விடக் கூடாது."

சரி என்றேன். அதுதான் அடுத்த ஸ்லைடு.

அந்த விண்ணப்பத்தை அவள் அனுப்பியது ஒரு புதன்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, எல்லோருக்கும் முன்னால். வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு. சதுப்புநிலத்துக்குப் பூநாரைகள் வந்திருக்கின்றன, காலையில் போய்ப் பார்க்கலாம் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மெயில் வந்தபோது நான் மீட்டிங்கில் இருந்தேன். ராத்திரி சாப்பிடும்போது, "உங்கள் விண்ணப்பம் நிர்வாகத்தின் பரிசீலனையில் உள்ளது" என்றேன். அவள் என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துக்கொண்டாள். காலையில் ஒப்புதல் கொடுக்கலாம் என்று இருந்தேன்.

காலையில் தலைவலி என்றாள். வாந்தி எடுத்தாள். ஆட்டோவில் கூட்டிப் போனேன். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். வென்டிலேட்டர் வைத்தார்கள். போகியன்று காலை இறந்துபோனாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அப்பா தோத்தாத்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா ஏதாவது சொன்னாளா மாப்ளே?" என்று கேட்டார். "அப்பாவைப் பாத்துக்கோன்னு சொன்னா" என்றேன். அவர் அதை வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அவள் அப்படிச் சொல்லவில்லை.

அவர் சிட்லபாக்கத்தில் தனியாக இருக்கிறார். அவள் போன் அவரிடம் இருக்கிறது. நம்பரை நிறுத்தவில்லை. ரீசார்ஜ் நான் செய்கிறேன்.

மதியம் சாப்பிடவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் புள்ளி. அது மஞ்சளாக இருக்கும்வரை அவள் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். வேறு எங்கேயும் அவள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. ஒப்புதல் கொடுத்தால் கேட்பது நின்றுவிடும். கொடுக்காவிட்டால் ஐந்து மணிக்குக் கேட்டதே இல்லாமல் போய்விடும்.

நாலரைக்கு வகுப்பு முடிந்தது. எல்லோரும் போனபிறகு பொத்தானை அழுத்தினேன்.

புள்ளி பச்சையாகவில்லை. மஞ்சளாகவே இருந்தது. ஆள் மட்டும் மாறியிருந்தது: "ஸ்ரீவித்யாவின் உறுதிக்காகக் காத்திருக்கிறது."

இந்தப் படி எனக்குத் தெரியும். ஆறு வகுப்புகளில் விளக்கியிருக்கிறேன். அழுத்தும்போது ஞாபகம் இல்லை. ஒப்புதல் தாமதமாக வரலாம், அதற்குள் கேட்டவருக்கு அது தேவையில்லாமல் போயிருக்கலாம், அதனால் கேட்டவரிடம் திரும்பிப் போய் இன்னும் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் முடிக்க வேண்டும் என்பது அவள் ஏற்பாடு. அங்கேயும் டைமர் வைக்கவில்லை.

நாலே முக்காலுக்கு ஆஸ்டின் வந்தான். கதவருகே நின்றான்.

"ஹர்ஷா, ஒண்ணு தொங்குது. பாத்தேன். நான் அட்மின்ல போய் அவங்க பேர்ல 'வேணும்'னு போட்டுடவா? ரெண்டு செகண்ட் வேலைதான். பத்திரமா புதுசுக்குப் போயிடும்."

"வேண்டாம்."

"அப்ப அழிஞ்சிடும்டா."

"தெரியும். அவ பேர்ல நாம சொல்லக் கூடாது."

அவன் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு என் போன் அடித்தது. "வித்யா" என்று வந்தது. ஆஸ்டின் எழுந்துவிட்டான்.

எடுத்தேன்.

"மாப்ளே, நான்தான்" என்றார் தோத்தாத்ரி. "என் போன்ல உன் நம்பரத் தேடிண்டிருந்தா நேரமாயிடும்னு இதுலேர்ந்தே கூப்பிட்டேன். வித்யா போனுக்கு மெசேஜ் வந்திருக்கு. ஏதோ ஏமாத்து மெசேஜோன்னு பயந்துட்டேன். ஆனா உன் பேர் இருக்கு."

"என்ன போட்டிருக்கு மாமா?"

அவர் எழுத்துக்கூட்டுவதுபோல நிதானமாகப் படித்தார். "'உங்கள் விடுப்பு விண்ணப்பத்தை ஹர்ஷா ஏற்றுக்கொண்டார். விடுப்பு இன்னும் தேவையா? ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு என்று பதில் அனுப்பவும்.' இது என்னப்பா?"

"அவ கேட்ட லீவு மாமா. நான் இப்பதான் கொடுத்தேன்."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்டது. சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பத்தைந்து.

"எதுக்குக் கேட்டா?"

"பூநாரை பாக்கப் போகணும்னு. என்னோட."

"சின்ன வயசுல ஒரு தடவை வேடந்தாங்கல் கூட்டிண்டு போனேன்" என்றார். "பாதி வழியிலயே தூங்கிட்டா." பிறகு, "நான் என்ன அனுப்பட்டும், ஒண்ணா ரெண்டா?"

அவள் பேரில் நாம் சொல்லக் கூடாது என்று இப்போதுதான் சொல்லியிருந்தேன். ஆஸ்டின் என் முகத்தைப் பார்த்தான்.

"அவளுக்கு வேணுமா வேண்டாமான்னு உங்களுக்கு என்ன தோணறது மாமா?"

"அவளுக்கு வேணும்" என்றார் உடனே. "கேட்டதை வேண்டாம்னு அவ என்னிக்குச் சொல்லியிருக்கா?"

போனில் பொத்தான் அழுத்தும் சத்தம் ஒன்று. இன்னொன்று.

திரையில் மஞ்சள் புள்ளி பச்சையானது. முடிந்தவை என்ற பட்டியலுக்குப் போனது. காத்திருப்பவை என்ற பட்டியலில் எதுவும் இல்லை. ஆஸ்டின் என் தோளைத் தொட்டுவிட்டு அவன் இடத்துக்குப் போனான். ஐந்து மணிக்குப் பக்கம் வெள்ளையானது.

தோத்தாத்ரி இன்னும் லைனில் இருந்தார்.

"மாப்ளே, அவ கடைசியா உன்கிட்ட கேட்டது இதுதானா?"

"இல்ல மாமா. அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் உங்ககிட்ட சொன்னதும் இல்ல. அத நானாச் சொன்னேன்."

அவர் கோபப்படவில்லை. "தெரியும்" என்றார். "என்னைப் பாத்துக்கோன்னு சொல்ற பொண்ணா அவ? உன்னைப் பாத்துக்கோன்னு என்கிட்டதான் சொல்லுவா." கொஞ்சம் சிரித்ததுபோல இருந்தது. "நிஜமா என்ன சொன்னா?"

எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஆட்டோ சானடோரியம் தாண்டியிருந்தது. அவள் தலை என் தோளில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எங்கள் வாசலில்தான் விளையாடும். சம்ப் மூடி லேசான தகரம், காற்றடித்தால் தூக்கிவிடும். அன்று காலை நான் சம்ப்பைத் திறந்து பார்த்திருந்தேன். அவள் கேட்டபோது எனக்கு ஞாபகம் வரவில்லை, பதில் சொல்லவில்லை. அதற்குள் அவள் கை தளர்ந்துவிட்டது.

"ஹர்ஷா, மூடி மேல செங்கல் வெச்சியா?"